கம்ப்யூட்டருக்கு கிரீஸ் வைத்தவன்

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு ஊரில் நல்ல பெயர் உண்டு. வம்புக்குப் போகமாட்டார்கள், யாருக்கும் தொந்தரவு தரமாட்டார்கள் என்பார்கள். பிறந்ததிலிருந்து கூச்சக்காரனாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இது சுத்தப் பொய். வாயாடி ஒருவன் தெரியாத வேலையில் இறங்கினால் நாலு பேரிடம் கேட்பான். அந்த நாலு பேரில் ஒருவனாவது "வேணாம்ப்பா" என்று தடுத்துவிடுவான். கூச்சக்காரன் யாரிடமும் கேட்கமாட்டான். கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமில்லாமல், கடைசி வரை செய்து முடித்துவிட்டுத்தான் வெளியே வருவான்.

அப்படித்தான் நான் என் மனைவியின் கம்ப்யூட்டருக்குக் கூடுதலாக ஒரு ஹார்ட் டிஸ்க் மாட்டினேன்.

நாங்கள் இருப்பது அந்தமானில், லாங் ஐலண்ட் என்ற சின்னத் தீவில். டுங்கி என்று நாங்கள் சொல்லும் சின்ன மோட்டார் படகுகளுக்கு இன்ஜின் பழுது பார்ப்பது என் தொழில். படித்தது நிக்கோபார் பக்கம் கட்சால் தீவில், ஐந்தாம் வகுப்பு வரை. (அதற்கு மேலும் வகுப்புகள் இருந்தன. எனக்கும் வாத்தியாருக்கும் பொறுமைதான் இல்லை.) என் மனைவி புஷ்பம் மாயாபந்தர் பெண், பன்னிரண்டாவது முடித்தவள். வீட்டின் முன்னறையில் போட்டோ ஸ்டுடியோவும் ஜெராக்ஸ் கடையும் வைத்திருக்கிறாள். கண்ணாடிக் கதவு, திரைச்சீலை, மேஜை விசிறி எல்லாம் அங்கே. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, டீசல் வாடை, நான்.

முன்பக்கம் வருபவர்கள்தான் அதிகம். எங்கள் ஊரில் எந்த ஆபீசுக்குப் போனாலும் ஜெராக்ஸ் கேட்பார்கள். ஆள் நேரில் போய் நின்று "நான்தான் சார்" என்றால் நம்பமாட்டார்கள். அவனுடைய நகல் இரண்டு போனால் நம்புவார்கள். இதனால் புஷ்பம் ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். ஊரில் உள்ள எல்லோருடைய ரேஷன் கார்டு, ஜாதிச் சான்று, குடியிருப்புச் சான்று, பாஸ்போர்ட் அளவு போட்டோ எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே ஏற்றி வைத்துவிட்டாள். வருகிறவர்கள் வெறுங்கையோடு வந்து "அக்கா, என்னோடதுல ரெண்டு" என்பார்கள். மழையில் நனைந்து, கரையான் அரித்து, அசல் தொலைந்தவர்கள் பாதிப் பேர். ஊரே அந்தப் பெட்டிக்குள்தான் குடியிருந்தது. அத்தோடு கல்யாண வீடியோக்கள் வேறு. பெட்டி நிறைந்து மூச்சு வாங்கத் தொடங்கியது.

இந்த ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. மாரிமுத்து என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. "ஸ்டுடியோ அக்கா வீட்டுக்காரர்" என்றால் நாய்க்குட்டி கூட வழி காட்டும். எனக்கு அதில் வருத்தமில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன்.

சென்னைக்குப் போன புஷ்பத்தின் சித்தப்பா மகன் கப்பலில் திரும்பும்போது ஒரு புது ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்தான். மூன்று லுங்கிகளில் சுற்றி, முறுக்கு டின்னுக்குள் வைத்துக் கொண்டுவந்தான். அதை மாட்டுவதற்கு மாயாபந்தரில் ஒரு ஆளிடம் சொல்லியிருந்தாள். அவன் தினமும் போனில் "கல் பக்கா" என்றான். நாளைக்கு நிச்சயம் என்று அர்த்தம். ஒரு மாதமாக அந்த நாளை வரவில்லை.

இதற்கிடையே ஜெயந்தியின் கல்யாணம் நடந்தது. காட்டிலாகாவில் கூலி வேலை பார்க்கும் சின்னசாமி அண்ணனின் ஒரே மகள். மாப்பிள்ளை செந்தில், கோயம்புத்தூரில் பம்ப் செட் கம்பெனியில் வேலை. ஜெயந்தி போர்ட் பிளேரைத் தாண்டி எங்கும் போனதில்லை. கல்யாணம் முடிந்த மறுநாளே அழ ஆரம்பித்தவள், ஸ்டுடியோவுக்கு வந்து புஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அங்க எனக்கு யார் இருக்கா? ஒரு மூஞ்சி தெரியாது. அந்த வீடியோவை மட்டும் நான் போறதுக்குள்ள குடுத்துடுங்க. அதையாவது பாத்துக்கிட்டு கிடப்பேன்."

சின்னசாமி அண்ணன் வாசலிலேயே நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். துண்டால் வியர்வையைத் துடைப்பது போல நடித்தார். அன்று வியர்க்கவில்லை.

புஷ்பம் ராப்பகலாக உட்கார்ந்து வீடியோவை முடித்தாள். கேமராவில் இருந்ததை அடுத்த கல்யாணத்துக்காக அழித்தும் விட்டாள். இப்போது அந்தக் கல்யாணம் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது, அந்தப் பெட்டியில். அப்போது பார்த்து போர்ட் பிளேரில் அவள் அக்கா பேரனுக்குக் காதுகுத்து வந்தது. படகுத்துறை ஜெட்டியில் போட் வந்து நின்ற பிறகு, கடை வாசலில் இரண்டு பேர் ஜெராக்ஸுக்கு நிற்கும்போது, என்னைக் கூப்பிட்டாள்.

"இந்தாங்க, பென் டிரைவ். ஜெயந்தி கல்யாணம்னு பேர் போட்டிருக்கேன் பாருங்க, அதை இதுக்குள்ள போடணும். முக்கால் மணி நேரம் ஆகும். அவ புதன்கிழமை பதினோரு மணி போட்ல கெளம்புறா. நான் வந்து எறங்குறதும் அதே போட்தான். அதுக்குள்ள சின்னசாமி அண்ணன் கையில குடுத்துடுங்க."

"சரி."

"ஒரே ஒரு வேலைங்க."

"சரின்னு சொல்றேன்ல. அந்தப் புது டிஸ்க்கை..."

"அதைத் தொடாதீங்க! அது என்ன படகு இன்ஜினா? உங்க கிரீஸ் கையோட அந்தப் பக்கமே போகாதீங்க."

ஜெராக்ஸுக்கு நின்ற இரண்டு பேரும் என் கையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பிறகு அவர்கள் சிரித்தார்கள். புஷ்பம் போட்டில் ஏறிப் போனாள். அந்தச் சிரிப்பு போகவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். ஜெயந்தி கல்யாணம் இருந்தது. ஆனால் அதற்குமுன் வேறொன்று கண்ணில் பட்டது. டிஸ்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் பட்டை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை சிவப்பாக இருந்தது.

என் தொழிலில் சிவப்பு என்றால் ஒரே அர்த்தம்தான். உடனே நிறுத்து.

யோசித்தேன். (இந்தக் கட்டுரையில் இந்தச் சொல் வரும்போதெல்லாம் வாசகர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது.) விளிம்பு வரை சரக்கு ஏற்றிய டுங்கியில் ஒரு மூட்டையைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகும்? படகு சாயும். முதலில் பக்கத்தில் இன்னொரு படகைக் கொண்டுவந்து கட்ட வேண்டும். அப்புறம்தான் சரக்கில் கை வைக்கலாம். பக்கத்தில் கட்டவேண்டிய படகு அலமாரியில் முறுக்கு வாசனையோடு காத்திருந்தது.

குறையே சொல்ல முடியாத யோசனை, கம்ப்யூட்டர் படகாக இருந்திருந்தால்.

அந்த நேரம் பார்த்து பிஸ்வாஸ் தாதா வந்தார். பக்கத்துத் தோட்டத்தில் பாக்கும் வாழையும் போட்டிருக்கும் வங்காளிக்காரர்; தாதா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன். தன் வாழ்நாளில் எதையும் பழுது பார்த்ததில்லை. ஆனால் ஊரில் எது பழுதானாலும் முதல் ஆளாக நிற்பார்.

"க்யா ஹை மாரி பாய்?"

சொன்னேன்.

"அரே, கோலோ கோலோ! டர்னா க்யா?" என்றார். திற, இதற்கெல்லாமா பயப்படுவது என்று அர்த்தம். யாருக்குப் பயப்பட வேண்டுமோ அவள் ஊரில் இல்லாத தைரியம் எங்கள் இருவருக்கும் இருந்தது.

போனில் ஒரு வீடியோ போட்டேன். ஹார்ட் டிஸ்க் மாட்டுவது எப்படி என்று ஒருவர் இந்தியில் அழகாகச் சொல்லிக்கொண்டே வந்தார். "இப்போது வரும் விஷயத்தைத்தான் மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டும்" என்றார். அதோடு நெட் நின்றுவிட்டது. அரை மணி நேரம் அவர் வாயைத் திறந்தபடியே இருந்தார். கடைசியில் அவரை விட்டுவிட்டு நானே இறங்கினேன்.

பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றினேன். உள்ளே பழைய டிஸ்க் ஒரு தட்டில் நாலு திருகாணியோடு உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே ஒரு காலித் தட்டு. பழையதற்கு இரண்டு கம்பி போனது. ஒன்று கரண்டுக்கு, ஒன்று உள்ளே இருக்கும் பச்சைப் பலகைக்கு. அதே மாதிரி புதியதற்கும் இரண்டு இடம் தேடினேன். எந்த வாயில் எந்த மூக்கு நுழைகிறது என்று பார்த்து மாட்டினேன். இன்ஜின்காரனுக்கு இது பெரிய காரியமில்லை. ஆனால் டிஸ்க்கோடு திருகாணி வரவில்லை. என் கொட்டகையில் இருந்த மிகச் சின்னத் திருகாணி சுண்டுவிரல் பருமன். அதனால் பழைய சைக்கிள் டியூபை வெட்டி அடியில் மெத்தை போட்டு, நைலான் கயிற்றால் டிஸ்க்கைத் தட்டோடு சேர்த்துக் கட்டினேன். ஜெட்டியில் படகைக் கட்டும் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும்.

சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரிந்தது. திரையில் படம் வந்தது.

"சாபாஷ்!" என்று பிஸ்வாஸ் தாதா என் முதுகில் அறைந்தார்.

வீடியோவைக் காலையில் ஏற்றிக்கொள்ளலாம் என்று பெட்டியை அணைத்துவிட்டு, அன்று சாயங்காலம் டீக்கடைக்குப் போய்ப் பேசினேன். நான் பேசுவதை அதுவரை கேட்டிராதவர்கள் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். மாயாபந்தர்க்காரன் ஒரு மாதமாக வராத வேலையை ஒன்றரை மணி நேரத்தில் முடித்ததைச் சொன்னேன். "உள்ள பாத்தா ஒண்ணுமே இல்லீங்க, எல்லாம் சும்மா பேரு" என்றேன். ஒருவர் என்னை "மாஸ்டர்" என்று கூப்பிட்டார். அந்த ஒரு வார்த்தையோடு நான் நிறுத்தியிருந்தால், இன்று இதை எழுத வேண்டியிருக்காது.

புதன்கிழமை காலையில் எழுந்ததும் ஒரு குறை தோன்றியது. வேலை முடிந்தது, ஆனால் மெருகு ஏறவில்லை. எந்த இன்ஜினையும் நான் வெறுமனே மாட்டி அனுப்புவதில்லை. எங்கள் ஊரில் உப்புக்காற்று எதையும் விடாது. கதவு கீல், பூட்டு, குடைக்கம்பி, எல்லாம் இரண்டே வருடத்தில் பொடியாகும். (ஆபீசில் ஃபைல் காணாமல் போனால்கூட உப்புக்காற்று என்றுதான் சொல்கிறார்கள்.) அதனால் கம்பி போய்ச் சேரும் இடம் எதுவானாலும் கிரீஸ் வைப்பது எங்கள் வழக்கம். படகு பேட்டரிக்கு வைப்போம், பிளக்குக்கு வைப்போம். எல்லாக் கம்பியையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அதன் பித்தளைப் பல்லில் கறுப்பு கிரீஸை விரலால் வழித்து அப்பி, திரும்பச் செருகினேன். புதியதற்கு வைத்து பழையதற்கு வைக்காமல் விட்டால் நன்றாக இருக்காது என்று இரண்டுக்கும் வைத்தேன்.

அப்போதுதான் ஓட்டைகளைக் கவனித்தேன்.

கம்ப்யூட்டர் பெட்டி செய்பவர்களுக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. பக்கத்தில் ஓட்டை, பின்னால் ஓட்டை, அடியில்கூட ஓட்டை. ஒரு படகில் இத்தனை ஓட்டை இருந்தால் அதைச் செய்தவனைக் கட்டிவைத்து அடித்திருப்பார்கள். போதாததற்குப் பின்னால் ஒரு காற்றாடி வேறு, வெளியே இருக்கும் உப்புக்காற்றை உள்ளே இழுப்பதற்கென்றே வைத்தது போல. எனக்குக் கோபம் வந்துவிட்டது. படகு அடைக்கும் பசை என்னிடம் எப்போதும் இருக்கும். களிமண் மாதிரி இரண்டு உருண்டை. சேர்த்துப் பிசைந்து வைத்தால் அரை மணி நேரத்தில் கல்லாகிவிடும். ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தேன். காற்றாடிக்குத் தகரம் வெட்டி மூடி, சுற்றிலும் பசை வைத்தேன். கடைசியில் பக்கத்து மூடியைச் சாத்தி, அதன் விளிம்பு நெடுக ஒரு கோடு இழுத்தேன். அந்தப் பெட்டியைக் கடலில் போட்டால் மிதந்து எதிர்க்கரையிலுள்ள ரங்கத் போய்ச் சேரும். அவ்வளவு சுத்தம்.

எட்டு மணிக்கு சுவிட்சைப் போட்டேன். ஓடியது. காற்றாடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அதை நான் என் கைவேலையின் நேர்த்தி என்று எடுத்துக்கொண்டேன்.

எட்டரை மணிக்கு சின்னசாமி அண்ணன் வந்தார்.

"மாரி, வீடியோ ரெடியா? புள்ள ராத்திரி பூரா தூங்கல."

"ரெடிதான் அண்ணே. ரன்னிங்-இன் ஓடிக்கிட்டு இருக்கு."

"அப்படின்னா?"

"புது இன்ஜின் போட்டா முதல்ல ரெண்டு மணி நேரம் லோடு குடுக்காம சும்மா ஓட விடணும் அண்ணே. இப்பவே அந்த வீடியோவைத் தூக்கச் சொன்னா, பின்னாடி வாழ்நாள் பூரா முக்கும். பத்து மணிக்குத் தூக்குவோம். முக்கால் மணி நேரம்தான். நானே ஜெட்டிக்குக் கொண்டாந்து குடுக்குறேன்."

"அச்சா, அச்சா. தொழில் தெரிஞ்சவன் நீ, நான் என்ன சொல்லப்போறேன்" என்று சொல்லி, பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு இப்போதும் என் கண்ணிலேயே இருக்கிறது.

ஒன்பதே முக்காலுக்குத் திரை இருண்டது.

பெட்டியின் மேல் கை வைத்தேன். எடுத்துவிட்டேன். தோசை ஊற்றலாம் போல இருந்தது. இன்ஜின் சூடானால் என்ன செய்வோம்? ஒரு சணல் சாக்கை நனைத்துக்கொண்டு வந்து பெட்டியின் மேல் போர்த்தினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். அடைத்தவன் நானல்லவா?

கால் மணி நேரம் கழித்து சுவிட்சைப் போட்டேன். ஒன்றுமில்லை. மறுபடி போட்டேன். உள்ளேயிருந்து வாணலியில் கடுகு விழுந்தது போல ஒரு சத்தம் வந்தது. கிரீஸ் உருகிக் கீழே சொட்டுகிறது என்று வாசனையிலேயே தெரிந்தது. வாசலில் பிஸ்வாஸ் தாதா வந்து நின்றார். பெட்டியையும் சாக்கையும் என்னையும் பார்த்தார்.

"மர் கயா க்யா?" என்றார். செத்துப்போச்சா என்று, துக்க வீட்டில் கேட்பது போலத் தாழ்ந்த குரலில்.

அப்போது முனைக்கு அப்பால் போட்டின் ஹாரன் கேட்டது. அன்றைக்குப் பார்த்து சீக்கிரம் வந்துவிட்டது. (எங்கள் போட் வருடத்தில் ஒருநாள்தான் சீக்கிரம் வரும். அது எந்த நாள் என்று முன்கூட்டியே அறிவிப்பதில்லை.)

இனி சொல்வதை யாராவது நியாயப்படுத்த முடியுமா என்று பல வருடம் முயன்றுவிட்டேன். செய்ய வேண்டியது என்ன? ஜெட்டிக்குப் போய், "அண்ணே, கெடுத்துட்டேன். வீடியோவைப் பின்னால அனுப்புறேன்" என்று சொல்வது. ஒரு நிமிஷ வேலை. ஆனால் அந்த ஜெட்டியில் ஊர் முழுக்க நிற்கும். நேற்று டீக்கடையில் என்னை மாஸ்டர் என்றவர் நிற்பார். அழுதுகொண்டு ஜெயந்தி நிற்பாள். அத்தனை பேர் முன்னால் அந்த ஒரு வரியைச் சொல்ல வேண்டும். அதைவிட உளியும் சுத்தியலும் எடுப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

பசை கல்லாகியிருந்தது. உளி வைத்து அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் பிஸ்வாஸ் தாதா "ஹாய் ராம்" என்றார். மூடி ஒரு பக்கம் நெளிந்து வாயைத் திறந்தது. கையை உள்ளே விட்டு, பழைய டிஸ்க்கின் நாலு திருகாணியையும் கழற்றி, கிரீஸ் வழிய அதை வெளியே எடுத்தேன். வீடியோ இதற்குள்தானே இருக்கிறது? பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் என்ன, பாத்திரத்தோடு கொடுத்தால் என்ன? கடல் பயணமாயிற்றே என்று பிளாஸ்டிக் பையில் போட்டு, தார்ப்பாய்த் துண்டில் சுருட்டி, நைலான் கயிற்றால் எட்டு முடிச்சுப் போட்டேன்.

ஜெட்டிக்கு ஓடினேன். சின்னசாமி அண்ணன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா மாரி?"

பொட்டலத்தை நீட்டினேன். "இதுலதான் அண்ணே எல்லாம் இருக்கு."

வாழ்க்கையில் இவ்வளவு உண்மையான வாக்கியத்தை நான் வேறெப்போதும் சொன்னதில்லை.

அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி ஜெயந்தியிடம் கொடுத்தார். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மஞ்சள் சேலையில் கறுப்புக் கறை பட்டது. "ரொம்ப நன்றி மாமா" என்று என் காலைத் தொட்டாள். ஊரே பார்த்தது. நான் கடலைப் பார்த்தேன்.

ஏறுபலகையில் இறங்குபவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். நடுவில் புஷ்பம். ஜெயந்தி அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, மாமா குடுத்துட்டாரு!" என்று பொட்டலத்தைக் காட்டினாள்.

புஷ்பம் அதைக் கையால் எடை பார்த்தாள். தார்ப்பாய், கயிறு, ஒரு மாதிரியான வாடை. "கருவாடா? நல்லாத்தான் கட்டியிருக்காரு. பத்திரமா வச்சுக்கடி, நனைஞ்சிடாம" என்று சொல்லி, கன்னத்தைத் தடவி வழியனுப்பினாள். தன் கடையைத் தன் கையாலேயே ஆசீர்வாதம் செய்து கப்பலேற்றியவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

போட் கிளம்பியது. வீட்டுக்கு நடந்தோம். அவளுடைய பையை நான் தூக்கிக்கொண்டேன். முடிந்தவரை மெதுவாக நடந்தேன்.

"பென் டிரைவ் குடுத்தீங்கள்ல?"

"எல்லாம் குடுத்தாச்சு."

"எல்லாம்னா?"

ஒரு குடம் தண்ணீர் தூக்கிப் போகிறவரிடம் நலம் விசாரித்தேன். நான் யாரையும் நலம் விசாரிப்பவனல்ல. புஷ்பத்துக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது.

கண்ணாடிக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். ஈரச் சாக்கு. உளி. பசைத் துண்டுகள். வாய் பிளந்த பெட்டி, அதற்குள் நைலான் கயிற்றில் கட்டுண்ட புது டிஸ்க். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இது புதுசு. பழசு எங்க?"

நான் ஜன்னல் வழியாகக் கடலைக் காட்டினேன். போட் அப்போதுதான் முனையைத் தாண்டிக்கொண்டிருந்தது.

போட் மறைந்ததும் கேட்டாள்: "அப்போ அது கருவாடு இல்லையா?"

"இல்ல."

"ஊரே அதுலதாங்க இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு நாலு நாள் அவள் என்னிடம் பேசவில்லை. சாப்பாடு மட்டும் கொட்டகைக்கு வந்தது, தட்டு வைக்கும் சத்தத்தோடு.

செந்தில் பத்து நாள் கழித்து போன் செய்தான். கயிற்றின் முடிச்சை அவிழ்க்க முடியாமல் அரிவாளால் அறுத்தானாம். கோயம்புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோனதும் அங்கே இருந்தவர், "இது எந்த லாரியில கழட்டினது?" என்று கேட்டாராம். ஆனால் துடைத்துச் சுத்தம் செய்து போட்டதும் எல்லாம் வந்துவிட்டது. கல்யாணம் வந்தது. கூடவே லாங் ஐலண்டும் வந்தது.

"அடுத்து கப்பல்ல யாராவது வந்தா குடுத்து விடுறேன் மாமா" என்றான். யாராவது வருவதற்கு ஐந்து மாதம் ஆனது.

அந்த ஐந்து மாதமும் ஆபீசுகள் ஜெராக்ஸ் கேட்பதை நிறுத்தவில்லை. முதலில் பிஸ்வாஸ் தாதாதான் போன் போட்டார். "ஜெயந்தி பேட்டி, மேரா ராஷன் கார்ட் பேஜோ." அவள் தேடி எடுத்து அனுப்பினாள். அனுப்பிவிட்டு, தாதா வீட்டு மாடு கன்று போட்டதா என்று கேட்டாள். தாதா சொல்ல ஆரம்பித்தார். மாட்டில் தொடங்கி மருமகள் வரைக்கும் போனது. பிறகு ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். ஜாதிச் சான்றுக்கு ஒருவர், முதியோர் உதவித்தொகைக்கு ஒருவர், பள்ளிக்கூடத்தில் போட்டோ கேட்டார்கள் என்று ஒருத்தி. தேவை அரை நிமிஷம், பேச்சு அரை மணி நேரம். இங்கே கல்யாணமாகும்வரை அவளோடு நின்று பேசாதவர்கள்கூட அங்கே அவளைத் தேடிப் பேசினார்கள். கோயம்புத்தூரில் ஒரு மூஞ்சி தெரியாது என்று அழுத பெண்ணுக்கு, மூச்சு விட நேரமில்லை.

சின்னசாமி அண்ணன் ஒருநாள் கொட்டகைக்கு வந்து கோபித்துக்கொண்டார். "என்னப்பா மாரி, பெத்த அப்பன் நான் போன் போட்டா எப்பவும் பிஸி, பிஸின்னு வருது. ஊரே என் பொண்ணுகிட்ட பேசுது, எனக்கு மட்டும் லைன் கிடைக்கல!" சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தத் தடவை அவர் துண்டைத் தேடவில்லை.

முதல் வருடம் ஊருக்கு வந்தபோது ஜெயந்தி எல்லோர் முன்னிலையிலும் சொன்னாள்: "மாமா குடுத்த மாதிரி சீர் எனக்கு யாருமே குடுக்கல. ஊரையே கட்டிக் குடுத்தாரு." எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "பாரு, வாயைத் திறக்காத மனுஷன், எப்படி யோசிச்சிருக்காரு!" என்றார்கள். இல்லை, நான் யோசிக்கவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கூச்சமாக இருந்தது. விட்டுவிட்டேன். புஷ்பம் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். எங்கள் வீட்டில் இன்றைக்கும் கருவாட்டுப் பொட்டலம் வந்தால், அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, "சத்தம் வரலீங்க, பொரிக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பிரிப்பாள். அப்போது மாயாபந்தரில் தாத்தா வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என் மகள், இப்போது அதைத் தன் காலேஜ் தோழிகளிடமும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

அது அங்கேயே நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்து மெயின்லேண்டுக்குக் கட்டிக்கொடுத்த தெலுங்குக்காரர் வீட்டில், "எங்க பெண்ணுக்கும் ஒரு டிஸ்க் கட்டுங்க" என்று வந்து நின்றார்கள். புஷ்பம் கல்யாண வீடியோவும் தெருக்காரர்கள் போட்டோவும் போட்டுக் கொடுத்தாள். நான் கயிறு கட்டினேன். மூன்றாவது வீட்டில் பெண்ணின் அம்மா தயங்கித் தயங்கி, "கொஞ்சம் கிரீஸும் தடவிடுங்க, ஜெயந்திக்கு அதுதான் ராசியா அமைஞ்சுது" என்றாள். பொட்டலத்தின் மேல் ஒரு பொட்டு வைத்தேன். இப்போது அது இல்லாமல் யாரும் வாங்குவதில்லை.

போன மாதம் பிஸ்வாஸ் தாதா பேத்திக்குக் கல்யாணம். பந்தலில் என்னை மேடையேற்றி, தாம்பாளத்தில் டிஸ்க்கை வைத்து என் கையில் கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், கல்கத்தாவிலிருந்து வந்தவர், கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பயபக்தியோடு கேட்டார்.

"தாதா, இஸ்கா முஹ் கித்தர்?"

இதன் முகம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார். இருநூறு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதற்கெல்லாம் முகம் கிடையாது ஐயா என்று சொல்லியிருக்கலாம். எதையாவது சொல்லிவிட்டு இறங்கினால் போதும் என்று இருந்தது.

"கிழக்கு" என்றேன்.

உடனே நாலு பேர் பந்தலுக்கு வெளியே ஓடினார்கள், எது கிழக்கு என்று பார்ப்பதற்கு.